பித்தப்பை எடுத்தாச்சு, கல் உள்ளேயே நின்றுவிட்டது: விட்டுவைப்பதா, வடிப்பதா, எடுப்பதா?

"பையையே எடுத்தாச்சே, அப்புறம் எங்கிருந்து கல் வந்தது?" லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுத்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆன பிறகு, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு தொல்லையும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, இதை எடுத்துவிடலாமா என்று குழம்புகிறவர்கள் ஒரு பக்கம். வலது விலாவுக்குக் கீழே சீழ் கட்டி, டியூப் போட்டு வடித்தால் போதும் என்று ஒரு மருத்துவரும் ஆபரேஷன்தான் வழி என்று இன்னொருவரும் சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா கிடக்கும் கல்லைத் தேடிப்போய் எடுக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை சீழ் வைத்துவிட்ட கல்லை உள்ளே விட்டுவிட்டு, சீழை மட்டும் வடித்து முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். காலில் முள் இருக்கும்வரை புண் ஆறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

## முதலில், கல் எந்த இடத்தில்?

"கல் மிச்சம் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன, இதைப் பிரிக்காமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒன்று, வயிற்றறைக்குள் சிந்திய கல். ஆபரேஷனில் பையைக் கருவியால் பிடித்து இழுக்கும்போதோ, கல்லீரலிலிருந்து பிரிக்கும்போதோ, கடைசியில் தொப்புள் துளை வழியாக வெளியே எடுக்கும்போதோ பை கிழிந்து கற்கள் வெளியே விழும். இரண்டு, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தக்குழாயில் நிற்கும் கல். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே பையிலிருந்து நழுவிக் குழாய்க்குள் போய்விட்டது இது. மூன்று, பை முழுதாக எடுக்கப்படாமல் கொஞ்சம் மிச்சம் விடப்பட்டு, அந்த மிச்சத்தில் இருக்கும் கல். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றித்தான், ஏனென்றால் குழப்பம் அதில்தான் அதிகம். மற்ற இரண்டையும் கடைசியில் பார்க்கலாம்.

பை கிழிவது அபூர்வம் ஒன்றுமில்லை. 100 லேப்ராஸ்கோபியில் 10-க்கும் மேற்பட்டவற்றில் எங்கேயாவது ஒரு கிழிசல் விழுகிறது. வீங்கிச் சீழ் கோத்த பையாக இருந்தால் சுவர் ஊறிப்போய், தொட்டாலே பிய்ந்து வரும். அது எல்லா நேரமும் அறுவை மருத்துவரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. சிந்தியதைப் பொறுக்கி, கழுவி, உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் கையை விட்டுத் துழாவ முடிந்தது, துளை வழியாகக் கேமராவில் பார்த்துச் செய்யும்போது குடல் மடிப்புக்குள் உருண்டுபோன சிறு கல் கண்ணில் படாமல் போகலாம். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற அறுவை மருத்துவர் இந்த முறையில் முதல் பித்தப்பையை எடுத்தார். 1990-களில் அது உலகம் முழுக்கப் பரவியபோதுதான் சிந்திய கல்லின் தொல்லைகளும் மருத்துவ இதழ்களில் வரிசையாக வர ஆரம்பித்தன.

விட்டுப்போன கற்களில் மிகப் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க எதுவும் செய்யாமல் கிடக்கும். சிறு பங்குதான் தொல்லை தரும். அந்தத் தொல்லைக்குக் காலக்கெடு கிடையாது என்பதுதான் சிக்கல்: சில மாதங்களில் வரலாம், 10 வருடம் கழித்தும் வரலாம், 20 வருடம் கழித்து வந்த நோயாளிகளும் பதிவாகியிருக்கிறார்கள். அதற்குள் ஆபரேஷனையே நோயாளி மறந்திருப்பார்.

தொல்லை வரும்போது அதிகம் காணப்படுவது சீழ்க்கட்டி. மல்லாந்து படுத்தால் மேல் வயிற்றின் தாழ்வான இடம் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே உள்ள பள்ளம், கற்கள் அங்கேதான் போய்த் தங்கும், சீழும் அங்கேதான் கட்டும். உதரவிதானத்துக்குக் கீழே, வலது முதுகுப்புற விலாவுக்குக் கீழே, துளை போட்ட இடத்தின் தோலுக்கடியில் என்று வேறு இடங்களிலும் வரும். தொப்புள் தழும்பில் ஒரு சின்னப் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்து, ஒருநாள் கட்டு மாற்றும்போது துணியில் கருப்பாக ஒரு குருணி ஒட்டியிருப்பதைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்ததும் உண்டு. உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரலுக்குப் போய், இருமலில் கல் வெளியே வந்த நோயாளிகளும் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, கல்லால் இப்போது தொல்லை இருக்கிறதா. காய்ச்சல், வலி, வீக்கம், எடை குறைவது, கசிவு என ஏதாவது உண்டா. இதற்கு இல்லை என்ற பதில் வந்தால் பாதி வழிகள் தானாகவே விலகிவிடும்.

இரண்டாவது, கல் எப்படிப்பட்டது. கொழுப்புக் கல்லைவிடக் கருப்பு, பழுப்பு நிறமிக் கல்லில் கிருமி குடியிருக்க வாய்ப்பு அதிகம். பை அழற்சியோடு இருந்தபோது ஆபரேஷன் நடந்திருந்தாலும், கற்கள் நிறைய சிந்தியிருந்தாலும், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரியதாக இருந்தாலும் சீழ் வைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மூன்றாவது, இந்த வழி விஷயத்தை முடித்துவைக்குமா, அல்லது தள்ளிப்போடுமா. "சின்ன சிகிச்சை, பெரிய சிகிச்சை" என்று அளவைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தவறவிடுகிறார்கள். மூன்று முறை செய்ய வேண்டிவரும் சின்னச் சிகிச்சை சின்னது இல்லை.

நான்காவது, உடம்பு எவ்வளவு தாங்கும். அதோடு, தேவைப்படும் கைத்திறன் நீங்கள் போகும் மருத்துவமனையில் இருக்கிறதா என்பதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய ஆபரேஷன் நோட்ஸைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் அறையில் எழுதிய குறிப்பு வேண்டும். "பை கிழிந்தது, கற்கள் சிந்தின" என்று அதில் ஒரு வரி இருந்தால், ஸ்கேன் பார்க்கும் மருத்துவருக்கு அது பெரிய துப்பு. அந்தத் துப்பு இல்லாவிட்டால், வயிற்றுக்குள் தெரியும் இந்த உருண்டைகளைப் புற்றுநோய் பரவல் என்றோ காசநோய்க் கட்டி என்றோ நினைத்துவிட முடியும். புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனில்கூட இவை ஒளிரும், சுற்றிலும் அழற்சி இருப்பதால். தேவையில்லாத பயாப்சியும் தூக்கம் போன இரவுகளும் அந்த ஒரு வரியால் தவிர்ந்துபோகலாம்.

ஸ்கேனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுண்ணாம்பு ஏறிய கல் சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கொழுப்புக் கல் சுற்றியுள்ள திரவத்தோடு கலந்துபோய்த் தெரியாமலே போகலாம். அல்ட்ராசவுண்டில் கல்லுக்குப் பின்னால் ஒரு கருநிழல் விழும், அதைத் தேடிப் பார்த்தால் கிடைக்கும். எம்.ஆர்.ஐ.யில் கல் கருப்புப் புள்ளியாக நிற்கும். ஆகவே "சி.டி.யில் கல் இல்லை, வெறும் சீழ்தான்" என்றால் அத்தோடு விட்டுவிடாமல், பழைய ஆபரேஷனைச் சொல்லி அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்கலாமா என்று கேளுங்கள்.

## வழி 1: விட்டுவைத்துக் கவனிப்பது

தொல்லையே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்கு இதுதான் சரியான வழி, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எடுக்கப் போவதால் வரும் ஆபத்து, விட்டுவைப்பதால் வரும் ஆபத்தைவிட அதிகம். வருடாவருடம் சி.டி. எடுத்துப் பார்ப்பதும் தேவையில்லை, கதிர்வீச்சுதான் மிச்சம்.

இதில் மறைந்திருக்கும் செலவு, தகவல் தொலைந்துபோவது. இன்றைக்கு உங்களுக்குத் தெரியும், ஆனால் 8 வருடம் கழித்து வேறு ஊரில் காய்ச்சலோடு அட்மிட் ஆகும்போது யாருக்குத் தெரியும்? "வயிற்றுக்குள் பித்தக்கல் சிந்தியிருக்கிறது, இன்ன இடத்தில்" என்று எழுதி, ஸ்கேன் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல், வலது பக்க முதுகில் புது வலி, தழும்பில் வீக்கம், விடாத இருமல், இவற்றில் ஏதாவது வந்துவிட்டால் இந்த வழி அன்றோடு முடிந்தது.

## வழி 2: ஆன்டிபயாடிக் மட்டும்

தனி வழியாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிருமிகள் கல்லின் மேல் ஒரு வழுவழுப்பான படலம் போட்டு அதற்குள் வாழ்கின்றன, மருந்து அங்கே போய்ச் சேராது. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், வீட்டுக்கு வருவீர்கள், சில வாரத்தில் எல்லாம் மறுபடி ஆரம்பிக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் கிருமி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போய், உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போவது. மற்ற வழிகளுக்குத் துணையாக ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும், அதுவும் சீழைக் கல்ச்சர் பார்த்து, எந்தக் கிருமி என்று தெரிந்து கொடுத்தால் நல்லது.

## வழி 3: டியூப் போட்டுச் சீழை வடிப்பது

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். இந்த வழி பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. தோலை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய டியூப்பைச் சீழ்க்குள் செலுத்துவார்கள். மயக்க மருந்து வேண்டாம், பெரிய தழும்பு இல்லை, மறுநாளே காய்ச்சல் விட்டு மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். செப்டிக் ஆகி, அதாவது தொற்று உடம்பு முழுக்கத் தாக்கி, ரத்த அழுத்தம் இறங்கியிருப்பவருக்கு இதுதான் உயிர் காக்கும் முதல் படி. அந்த நிலையில் ஆபரேஷன் வேண்டும் என்று அடம்பிடிப்பது தப்பு.

ஆனால் டியூப்போடு வாழ்வது எப்படி என்று முன்கூட்டியே யாரும் விளக்குவதில்லை. நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் விலாவோரம் டியூப், அதன் முனையில் ஒரு பை. படுக்கும்போது வலது பக்கம் திரும்ப முடியாது. டியூப் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தினமும் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். சீழில் கல் துகள் இருந்தால் மெல்லிய டியூப் அடிக்கடி அடைக்கும், அப்போது பெரிய டியூப்பாக மாற்ற வேண்டும். பையில் எத்தனை மில்லி வந்தது, நிறம் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். குளிப்பது, வேலைக்குப் போவது எல்லாமே அதைச் சுற்றித்தான்.

இவ்வளவும் பட்டு டியூப்பை எடுத்த பிறகும் கல் அங்கேயே இருக்கிறது என்பதுதான் உண்மைச் செலவு. சீழ் திரும்புவது வழக்கமான கதை. ஆகவே டியூப் போடும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டியது: "கல்லை எப்போது, எப்படி எடுக்கப் போகிறோம்?" மிக வயதானவர், இதய நோயோ வேறு பெரிய நோயோ உள்ளவர், எந்தத் தலையீட்டையும் தாங்க முடியாதவர் என்றால் மட்டும் வடிப்பதோடு நிறுத்தி, திரும்பினால் மறுபடி வடிப்போம் என்று தெரிந்தே முடிவெடுப்பது நியாயம்.

## வழி 4: அதே டியூப் வழியே கல்லை எடுப்பது

டியூப் போட்ட பாதை சில வாரத்தில் உறுதிப்படும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, சிறுநீரகக் கல் எடுக்கப் பயன்படும் ஸ்கோப் போன்ற கருவியை உள்ளே விட்டு, கூடை போன்ற கம்பியால் கல்லைப் பிடித்து இழுப்பார்கள். பெரிதாக இருந்தால் உடைத்து எடுப்பார்கள்.

கற்கள் ஒன்றிரண்டாக, ஒரே சீழ்க்குழிக்குள், தோலிலிருந்து எட்டும் இடத்தில் இருந்தால் அருமையான வழி. முழு மயக்கம் கொடுக்க முடியாதவர்களுக்கு இது வரம் என்றே சொல்லலாம். ஆனால் ஒரே தடவையில் முடியும் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டு மூன்று அமர்வு ஆகலாம். உடைத்த துகள் ஒன்று தங்கினாலும் கதை தொடரும். இதைப் பழகிய ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை செய்யும் மருத்துவர்) எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. "இந்த மாதிரிக் கல்லை இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

## வழி 5: ஆபரேஷன், துளை வழியாகவோ திறந்தோ

எல்லாக் கற்களையும் கண்ணால் பார்த்து, சீழ்க்குழியைச் சுத்தமாகக் கழுவி, ஒரே தடவையில் முடிப்பது. உடம்பு தாங்கும் என்றால், கற்கள் பல என்றால், ஒருமுறை வடித்தும் சீழ் திரும்பிவிட்டது என்றால், குடலோடோ நுரையீரலோடோ பாதை உண்டாகிவிட்டது என்றால் நான் இதன் பக்கம்தான். பலருக்கு மறுபடியும் லேப்ராஸ்கோபியிலேயே செய்ய முடிகிறது. சிறுநீரகத்துக்குப் பின்பக்கம் போய்விட்ட கல்லுக்கு முதுகுப்புறமாகப் போவதும் உண்டு.

மறைந்த விலை, பழைய ஆபரேஷனும் சீழும் சேர்ந்து குடலையும் கல்லீரலையும் ஒட்டவைத்திருப்பது. அதைப் பிரிக்கும்போது குடலில் காயம் படலாம், துளை வழியாக ஆரம்பித்தது நடுவில் திறந்த ஆபரேஷனாக மாறலாம். கையெழுத்துப் போடும்போதே அதற்கும் தயாராக இருக்க வேண்டும், மறுபடி வேலைக்குப் போகும் நாளை அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

துளைத் தழும்பில் மட்டும் சீழ் என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஸ்கேனில் உள்ளே வேறு ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அந்த இடத்தை மட்டும் கீறிக் கல்லை எடுத்தால் முடிந்தது.

| வழி | கல் போகுமா | யாருக்குப் பொருந்தும் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| விட்டுவைப்பது | போகாது | தொல்லை இல்லாதவர் | தகவலை எழுதி வைப்பது |
| மருந்து மட்டும் | போகாது | தனியாக யாருக்கும் வேண்டாம் | திரும்ப வரும், கிருமி பழகிவிடும் |
| டியூப் வடிப்பு | பெரும்பாலும் போகாது | செப்டிக் ஆனவர், மிகத் தளர்ந்தவர் | அடுத்த படி என்ன என்று கேட்பது |
| டியூப் வழிக் கல்லெடுப்பு | போகும், துகள் தங்கலாம் | ஒன்றிரண்டு கல், எட்டும் இடம் | பல அமர்வு, பழகிய கை |
| ஆபரேஷன் | போகும் | பல கல், திரும்பிய சீழ் | ஒட்டிய குடல், திறக்க நேரலாம் |

## பித்தக்குழாயில் கல் என்றால் கணக்கே வேறு

இங்கே "தொல்லை இல்லை, விட்டுவிடலாம்" என்ற வாதம் எடுபடாது. குழாயில் நிற்கும் கல் எந்த நேரமும் அடைத்து மஞ்சள் காமாலை, குழாய்த் தொற்று, கணைய அழற்சி என்று பெரிய வேலை வைக்கும். அதனால் உடம்பு தாங்கும் என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்வதுதான் வழக்கம். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் (பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) கல்லை உறுதிசெய்துகொண்டு, பெரும்பாலும் ஈ.ஆர்.சி.பி. செய்வார்கள். வாய் வழியாக ஸ்கோப்பை விட்டு, குழாய் குடலில் திறக்கும் வாயைச் சற்றுக் கீறி, கல்லை இழுத்துக் குடலில் விடுவது.

இதன் ஆபத்தில் முக்கியமானது கணைய அழற்சி, ஏறக்குறைய 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு வருகிறது, பெரும்பாலும் லேசாக. ஆசனவாய் வழியாக வைக்கும் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் மருந்து இதைக் குறைக்கும், கொடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளலாம். கல்லை ஒரே தடவையில் எடுக்க முடியாமல் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (பித்தம் வடிய வழிவிடும் சிறு குழல்) வைத்து அனுப்பினால், அதைச் சுமார் 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போய்விட்டதே என்று ஸ்டென்ட்டையே மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அடைத்துக்கொண்டு குளிர் காய்ச்சலோடு திரும்பி வரும்போது நிலைமை மோசமாக இருக்கும். எடுக்க வேண்டிய தேதியை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். பெரிய கல், ஈ.ஆர்.சி.பி.யில் வராத கல் என்றால் லேப்ராஸ்கோபியில் குழாயைத் திறந்து எடுப்பது அடுத்த வழி.

கண் மஞ்சளாகி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## பையின் மிச்சத்தில் கல்

அழற்சி மிக அதிகமாக இருந்தால், பித்தக்குழாயில் காயம் படாமல் காப்பாற்றுவதற்காகப் பையின் கழுத்துப் பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் அந்த மிச்சத்தில் கல் இருந்தாலோ பிறகு உண்டானாலோ பழைய பித்தப்பை வலி அப்படியே திரும்பும். சாப்பிட்ட பின் மேல் வயிற்றில் பிடித்து, முதுகுக்குப் போகும் அதே வலி. "பை இல்லையே, இது வாயுதான்" என்று மாத்திரை விழுங்கிக்கொண்டே இருக்காமல் எம்.ஆர்.சி.பி. எடுத்துப் பார்க்க வேண்டும். வலி இருந்தால் மிச்சப் பையை எடுப்பதுதான் தீர்வு, ஈ.ஆர்.சி.பி. அங்கே பெரும்பாலும் எட்டாது. இது முதல் ஆபரேஷனைவிடக் கடினமானது, பித்தக்குழாய் ஆபரேஷன்களை அடிக்கடி செய்யும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது, அதற்காகச் சில வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

எந்த வழியில் கல்லை எடுத்தாலும், டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று விஷயங்கள் எழுத்தில் வேண்டும்: எத்தனை கல் வெளியே வந்தது, ஸ்கேனில் இன்னும் ஏதாவது தெரிகிறதா, சீழ்க் கல்ச்சரில் என்ன கிருமி வந்தது. கல்ச்சர் முடிவு பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும், யாரும் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் நீங்களே போய் வாங்கி வந்து ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.